ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

அன்பு மகன் சேகருக்கு,

உன் அப்பாவுக்கு நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை என்று நம் தெருவில் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மணி அடிச்ச மாதிரில்லா மாத்திரை குடுப்பீய. அவியளுக்குக் கொடுத்துவச்சது அவ்வளவுதான்” என்றாள். நீயும் உன் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லித்தான் வளர்க்கிறாய். அதைத் திருத்துவதற்காக இதை எழுதுகிறேன். ஒரு வேளையும் தவறவில்லை என்பது உண்மை. அதனால்தான் அவர் இறந்தார்.

இதை நான் நான்கு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்லாமல் போயிருப்பேன். சென்ற செவ்வாய்க்கிழமை நீ ஓசூரிலிருந்து பேசினாய். காலையில் எழுந்தால் விரல் மூட்டெல்லாம் வீங்கி மடக்க முடியவில்லை, அப்பாவுக்கு வந்த அதே வாதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார், வாரம் ஒருமுறை, ஞாயிறன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்ற நாட்களில் ஃபோலிக் ஆசிட் என்றாய். அதுவரைக்கும் ஒரு தாயின் சாதாரணக் கவலையோடுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சிரித்துக்கொண்டே, “உங்கள மாதிரியே ஒரு அஞ்சறைப்பெட்டி வாங்கிட்டேம்மா. எல்லா மாத்திரையையும் உரிச்சுக் கிண்ணம் கிண்ணமாப் போட்டாச்சு. சுதாவே அசந்துட்டா” என்று சொன்னாய். உன் குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெட்டியில் இருப்பதை ஒன்றுகூடத் தொடாதே, கடைக்குப் போய் எல்லாவற்றையும் புதிதாக அட்டையோடு வாங்கு என்று கத்தினேன். “உங்களுக்கு வயசாயிட்டும்மா, எல்லாத்துக்கும் பயப்படுதீய” என்று நீ சிரித்தாய். ஃபோனை உன் மனைவியிடம் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில், அப்படியே செய்துவிட்டதாகச் சுதா சொன்னாள். அவள் சொன்னால் சொன்னபடி செய்கிற பெண். ஆனால் காரணம் தெரியாத கட்டளை ஒரு வீட்டில் எத்தனை நாளைக்கு நிற்கும்? “ஏன் அத்தை?” என்று அவள் கேட்டதற்கு, கடிதம் எழுதுகிறேன் என்றேன். இதுதான் அந்தக் கடிதம். முழுவதையும் படி. சுதாவும் படிக்கட்டும்.

என்னைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். இந்தத் தெருவுக்கு மருமகளாக வந்தபோது டாக்டர் சீட்டை வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் நான்தான். அப்போதிலிருந்து யார் வீட்டில் மருந்து வாங்கினாலும் அது என் கைக்கு வந்துதான் அவர்கள் வாய்க்குப் போகும். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற முத்துலட்சுமியை உனக்கு நினைவிருக்கும். ஒருமுறை சின்னக் குப்பியோடு வந்து, “யக்கா, கண்ணுக்கு விடுதேன், எரிச்சல் கூடிட்டுல்லா போவுது” என்றாள். வாங்கிப் பார்த்தால் காதுக்கு விடுகிற மருந்து. “ஏட்டி, உனக்குக் கண்ணு எது, காது எதுன்னு அடையாளம் போட்டு வைக்கணுமா?” என்று தெரு கேட்கத் திட்டினேன். “நீங்க இல்லேன்னா நான் கபோதியாயிருப்பேன் யக்கா” என்று அவள் என் காலைத் தொடப் போனாள். வேண்டாம் என்று விலகினாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. கண் மருந்தும் காது மருந்தும் ஒரே மாதிரிக் குப்பியில் வந்தால் யாருக்கும் மாறும் என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்காதவர்களுக்குத்தான் மாறும் என்று நினைத்தேன்.

உன் அப்பாவின் பழக்கம் வேறு. மணியாச்சியில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த காலம் முழுவதும், அடுத்த ஸ்டேஷன்காரர் ஃபோனில் சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் அவர் ஒரு வண்டியையும் விட்டதில்லை. அந்தப் பக்கம் ஒரு எண் சொல்வார்கள். இவர் அதை எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்வார். அவர்கள் ஆமாம் என்ற பிறகுதான் கை சிக்னலுக்குப் போகும். முப்பது வருடம் சேர்ந்து வேலை பார்த்த ஆளாக இருந்தாலும் இதே முறைதான். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். காய்கறி வாங்கப் போகும்போதுகூட, “கத்திரிக்கா அரைக்கிலோ, முருங்கைக்கா ரெண்டு, மல்லி. சரிதானா மதர்?” என்று கேட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் அவர் என்னை மதர் என்று கேலியாகக் கூப்பிட்டதை நீயும் கேட்டு வளர்ந்தவன்தானே. மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் அதற்கும் அப்படிச் செய்தார். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “வெள்ளை ஒண்ணு, பிரஷருக்கு. ரோஸ் ஒண்ணு, சக்கரைக்கு” என்று ஒப்பிப்பார். எனக்கு எரிச்சலாக இருக்கும். எடுத்துக் கொடுப்பது நான், பிறகு என்ன சோதனை என்று தோன்றும். ஒருநாள் சொல்லியும் விட்டேன். “என்மேல நம்பிக்கை இல்லேன்னா நீங்களே எடுத்துப் போட்டுக்கோங்க.” அதன்பிறகு அவர் ஒப்பிப்பதைக் குறைத்துக்கொண்டார். நான்தான் அவர் வாயை அடைத்தேன்.

அந்தப் பெட்டி நம் வீட்டில் எப்போதும் மேசைமேல் இருந்ததால் உனக்குத் தெரியும். எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி, வட்டமானது, உள்ளே ஏழு கிண்ணம். மருந்துக்கடையில் உறையில் போட்டுக் கொடுக்கும் மாத்திரைகள் இழுப்பறை முழுவதும் இறைந்து கிடப்பது எனக்குச் சகிக்காது. வாங்கி வந்ததும் அட்டையிலிருந்து எல்லாவற்றையும் உரித்து, ஒரு கிண்ணத்துக்கு ஒரு மாத்திரை என்று போட்டுவிடுவேன். பெயர் எழுதி ஒட்டியதில்லை. கடுகு எது, மிளகு எது என்று எழுதி ஒட்டியா சமைக்கிறோம்? இடம் எனக்குத் தெரியும் என்றிருந்தேன். வருகிறவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஏழு கிண்ணம் இருந்த பெட்டி அது. வாரத்துக்கும் ஏழு நாள்தான். கிண்ணத்துக்கு ஒரு கிழமை என்று வைத்திருக்கலாம் என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது.

வாத நோய்க்கு அந்த மாத்திரை தொடங்கி நான்கு மாதம் எல்லாம் சரியாகத்தான் போனது. ஞாயிறு காலை மெத்தோட்ரெக்ஸேட் ஒன்று, மற்ற ஆறு நாளும் ஃபோலிக் ஆசிட் ஒன்று. இரண்டும் மஞ்சள், இரண்டும் சிறியவை, ஞாயிறு மாத்திரையின் நடுவில் மட்டும் ஒரு கோடு. மருந்து தீர்ந்ததும் பீர் அண்ணாச்சியின் மருந்துக்கடைக்குப் போனேன். “மாசத்துக்கு நாலுதானம்மா, நாலு மட்டும் தாரேன்” என்றார். வெட்டிய அட்டையில் பெயரும் தேதியும் போய்விடும், முழு அட்டையாக இரண்டு கொடுங்கள் என்று நான் சட்டம் பேசினேன். நான் பேசிய சட்டம் சரிதான். ஆனால் நான்கு மாத்திரை இருக்க வேண்டிய வீட்டுக்கு இருபது வந்து சேர்ந்தது. அவர் உறையில் ஏதோ எழுதி, “அம்மா, இது ஒரு நிமிசம்...” என்று ஆரம்பித்தார். “எனக்கு வாசிக்கத் தெரியும் அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிண்ணங்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தேன். மஞ்சள் மாத்திரைகளை உரித்து இரண்டு சாசரில் போட்டேன். ஒன்றில் இருபது, இன்னொன்றில் முப்பது. அப்போது வாசலில் முத்துலட்சுமி குரல். அவள் மாமியாருக்கு எழுதிய சீட்டைக் கொண்டுவந்திருந்தாள். எழுந்து போய்க் கால் மணி நேரம் விளக்கினேன். திரும்பி வந்து உட்கார்ந்து, சாசர்களைக் கிண்ணங்களில் கவிழ்த்தேன். மாற்றிக் கவிழ்த்தேன். அந்த நொடியில் என் கையில் எந்தத் தயக்கமும் இல்லை. நடுக்கம், சந்தேகம், ஒன்றும் இல்லை. தவறு செய்கிறபோது ஏதாவது ஒன்று உள்ளே இடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒன்றும் இடிக்காது, சேகர். அடுத்து என்ன குழம்பு வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே கவிழ்த்தேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்தேன். அவர் உள்ளங்கையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். “இதுல கோடு இருக்கே. இது ஞாயித்துக்கிழமை மாத்திரை மாதிரில்லா இருக்கு?” என்றார். நான் அடுப்பங்கரையிலிருந்து, “கொடி காட்டுனவியளுக்கு மாத்திரையப் பத்தித் தெரியுமோ? கம்பெனி மாறியிருக்கும், முழுங்குங்க” என்றேன். அவர் சிரித்தார். “சரி மதர்” என்றார். விழுங்கினார்.

இதற்குமேல் எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அடுத்து வந்தவை உனக்கு வந்தால் உனக்கு அடையாளம் தெரிய வேண்டும். ஒரு வாரத்தில் வாயெல்லாம் புண். கடலை மிட்டாயைக் கண்டால் விடாத மனிதர், ஒரு துண்டைக் கடித்துவிட்டு, “எரியுது, நீ தின்னு” என்று மீதியை என்னிடம் நீட்டினார். கரிசல் காட்டு வெயில், உடம்புச் சூடு என்று நானே முடிவு கட்டினேன். மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துக் கொடுத்தேன். காலையில் அந்த மாத்திரையையும் கொடுத்தேன். விழுங்க முடியாமல் அவர் திணறியபோது பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினேன். இதைத்தான் தெருவில் பார்த்தவர்கள், என்ன கவனிப்பு என்று சொன்னார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. பல் துலக்கும்போது ரத்தம் நிற்கவில்லை. பதினேழாம் நாள்தான் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே ஓர் இளம் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, “இந்த மாத்திரையை எப்படிக் குடுத்தீங்க? தினமுமா?” என்று கேட்டார். வாரத்துக்கு ஒன்று, ஞாயிறு மட்டும் என்றேன். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. மாத்திரை அட்டை கையில இருக்கா?” என்று இரண்டாம் முறையும் கேட்டார். அட்டை எங்கே இருக்கும்? உரித்த அன்றே குப்பைக்குப் போய்விட்டது. எனக்குச் சந்தேகமே இல்லை என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்து அதற்குமேல் கேட்கவில்லை. அந்த மருந்து கூடிப்போனால் கொடுக்க மாற்று மருந்து உண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். மறுநாள் டாக்டர் தானாகவே சந்தேகப்பட்டு அதை ஆரம்பித்தார். அது ஒரு நாள் முன்னால் கிடைத்திருந்தால் உன் அப்பா பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்டதில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். “கடையில மாத்திரை மாறியிருக்கலாம்” என்று டாக்டர் உன்னிடம் சொன்னது அதனால்தான். நான் சொன்ன பொய்யை, பொய் என்று தெரியாமல் நான் சொன்னதை, அவர் நம்பினார்.

அவர் போன ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்து எண்ணினேன். முப்பது போட்டிருந்த கிண்ணத்தில் இருபத்தெட்டு இருந்தது. இருபது போட்டிருந்ததில் ஐந்து. ஞாயிறு மாத்திரை பதினைந்து போயிருந்தது. மூன்று முறை எண்ணினேன். பிறகு எல்லாவற்றையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிண்ணங்களைக் கழுவி வைத்தேன். ஆகவே, பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் நீ பீர் அண்ணாச்சி கடைக்குப் போனபோது எனக்குத் தெரியும். “எங்கப்பாவக் கொன்னுட்டு இன்னும் கடையத் திறந்து வச்சிருக்கீரா?” என்று நீ அவர் சட்டையைப் பிடித்தாய். நான் ஆட்டோவுக்குள் இருந்தேன். “உறையில எழுதித்தான் குடுத்தேன் தம்பி. அம்மாகிட்ட கேளுங்க” என்று அவர் என்னைப் பார்த்தார். நான் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகன் வெறுக்கிற ஆளாக யாரோ ஒருவர் இருக்கட்டும், அது நானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து நம் தெருவில் யாரும் அந்தக் கடைக்குப் போவதில்லை.

அவர் சொன்ன உறையை இதோடு வைத்திருக்கிறேன். பழைய உறைகளின் பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதுவது என் வழக்கம். ஒரு வருடம் கழித்து சமையல் குறிப்பு நோட்டுக்குள் இது கிடைத்தது. ஒரு பக்கம் சிவப்பு மையில், ‘ஞாயிறு மட்டும் 1. மற்ற நாள் கூடவே கூடாது’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறது. மறுபக்கம் என் கையெழுத்தில், ‘மணத்தக்காளி இரண்டு கட்டு, தேங்காய் ஒன்று, தேன்’ என்று இருக்கிறது. வாய்ப்புண்ணுக்கான பட்டியலை நான் அதன்மேல்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்க்கவில்லை.

நீ ஃபோன் செய்த மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து போனேன். “வாங்கம்மா. வழி தெரியாம வந்துட்டீயளோ?” என்றார் பீர் அண்ணாச்சி. தெரிந்துதான் வந்தேன் என்று உறையை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்து, “என் எழுத்துதான்” என்றார். திருப்பிப் பார்த்தார். “இது உங்க எழுத்தும்மா” என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாசர், கிண்ணம், ஆட்டோ எல்லாம். அவர் ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. “நாலு வருசம்மா. ஒரு காய்ச்ச மாத்திரைக்குக்கூட உங்க தெருவுல இருந்து ஒரு ஆளு வரல. பள்ளிவாசல்ல வச்சு எங்க ஆளுகளே கேட்டாங்க, என்ன மருந்து மாத்திக் குடுத்தீருன்னு. அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.” சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பிறகு அவரே சொன்னார்: “எம்மேலயும் இருக்கு. அன்னைக்கு உங்கள நிக்க வச்சுத் திருப்பிச் சொல்ல வச்சிருக்கணும். நீங்க ஒரு பார்வை பாத்தீய, பயந்து விட்டுட்டேன். இப்ப அந்த மாத்திரைக்குக் கலெக்டரே வந்தாலும், என்னைக்குப் போடுவீய, சொல்லுங்கன்னு கேட்டுட்டுத்தான் கை நீட்டுதேன். நாலுக்கு மேல ஒண்ணு குடுக்க மாட்டேன். கோவப்பட்டுப் போனவியளும் உண்டு. போகட்டும்.” கிளம்பும்போது, “தம்பிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா மறுபடி சட்டையப் பிடிப்பாரு. இந்தச் சட்டை புதுசு” என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

யோசித்துப் பார்த்தால் பீர் அண்ணாச்சி, அந்த டாக்டர், உன் அப்பா மூன்று பேருமே கேட்டார்கள். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அதை நான் மரியாதை என்று நினைத்து வாழ்ந்துவிட்டேன். உனக்கும் என் முகம்தான், சேகர். உன்னிடமும் யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. அதனால் நீயாகவே கேட்க வைத்துக்கொள். மருந்து வாங்கும்போது கடைக்காரர் சொல்லட்டும் என்று காத்திராமல், இது என்ன மாத்திரை, எதற்கு, என்ன கிழமை என்று நீயே சொல்லி, சரியா என்று கேள். சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பார். நான்கு மாத்திரை மட்டும் வாங்கு. வெட்டித்தான் தருவார்கள். பெயர் உள்ள பக்கமாகக் கேள், இல்லாவிட்டால் உறையில் முழுப் பெயரும் எழுதச் சொல். கடைசி மாத்திரை தீரும்வரை அட்டையிலிருந்து எதையும் உரிக்காதே. அந்த ஒரு மாத்திரையை மற்றவற்றோடு வைக்காமல் பிள்ளைகளுக்கு எட்டாத தனி இடத்தில் வை. நிறமோ வடிவமோ மாறியிருந்தால், கம்பெனி மாறியிருக்கும் என்று நீயாக முடிவுகட்டாமல் கடைக்குப் போய்க் கேள். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரண்டாகப் போடாதே, டாக்டரிடம் கேள். அவர் சொன்ன நாளில் ரத்தம் கொடுத்துப் பரிசோதி. வலிக்கு என்று வேறு மாத்திரை வாங்கினால்கூட இதைச் சொல்லிவிட்டு வாங்கு. வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ, அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போ. மாத்திரையைக் கையில் எடுத்தபிறகு வாசலில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே. சுதா பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அவள் ஒரு கேள்வி கேட்டால், அது எவ்வளவு அற்பமாகத் தோன்றினாலும், விழுங்குவதற்கு முன்னால் பதில் சொல்.

இப்போதும் காலை எட்டு மணிக்குத் தம்ளரில் தண்ணீர் எடுத்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, துளசிக்கு ஊற்றிவிடுவேன். புதன்கிழமைகளில் “சரி மதர்” என்பது பக்கத்து அறையிலிருந்து கேட்கிறது. அது கோபமாக இருந்தாலாவது தாங்கியிருப்பேன். சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் முத்துலட்சுமியிடம் சொல்லப் போகிறேன். அவளிடம் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது பீர் அண்ணாச்சி கடைக்கு நீ போக வேண்டும். என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன். நானும் கூட வருவேன், ஆட்டோவிலிருந்து இறங்கி வருவேன்.

எனக்கு ஃபோன் செய்யாதே. ஃபோனில் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று கேட்டுக்கொள்வேன். ஒரு தாள் எடுத்து உன் கையால் எழுது. மாத்திரையின் முழுப் பெயர், என்ன கிழமை, எத்தனை, யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். இந்த நான்கும் வேண்டும். என்னைப் பற்றி ஏதாவது எழுதத் தோன்றினால் அதற்குக் கீழே எழுது, தோன்றாவிட்டால் விட்டுவிடு. ஆனால் அந்த நான்கு வரியை ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எழுதித் தபாலில் போடு.

அம்மா